பாட்டனார் எடுத்த படங்கள்

குடும்பப் போட்டோ என்று ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கூடத்துச் சுவரில், சாமி படங்களுக்குச் சற்றுத் தள்ளி, முன்புறம் கொஞ்சம் சாய்ந்தாற்போல மாட்டியிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. வெள்ளையடிக்கும்போது கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுவதோடு சரி. புதிதாக வந்த மருமகளுக்கு மட்டும் ஒரு தரம், "இவர் பெரிய தாத்தா, இது கடைசிச் சித்தி" என்று கண்ணாடி மேல் விரலை வைத்துக் காட்டுவார்கள். அப்புறம் அவளும் பார்க்க மாட்டாள். இப்படி யாரும் பார்க்காத ஒரு பொருளை எடுத்துக் கலையாக்க முடியுமா, ஆக்கினால் அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி சில மாதங்களாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, விவான் சுந்தரம் என்ற கலைஞர் தம் தாய்வழிக் குடும்பத்துப் போட்டோக்களைக் கொண்டு செய்த ஒரு படத் தொகுதி. மற்றொன்று, எங்கள் வீட்டுப் போட்டோ. அதைப் பிறகு சொல்கிறேன்.

விவான் சுந்தரம் 1943-ல் சிம்லாவில் பிறந்தவர், 2023-ல் காலமானார். பரோடாவிலும் லண்டனிலும் சித்திரம் பயின்றவர். தகப்பனார் கல்யாண் சுந்தரம் சென்னை ராஜதானியிலிருந்து ஐ.சி.எஸ். ஆகிப் போனவர், 1958 முதல் 1967 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்தார். ஆகவே விவானை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கும் கொஞ்சம் இடமிருக்கிறது. ஆனால் நான் சொல்லுகிற படங்களில் தகப்பனார் பக்கத்து மனிதர்களுக்கு வேலை இல்லை. அவை தாயார் இந்திராவின் வீட்டைப் பற்றியவை. இந்திராவின் அக்காள்தான் அமிர்தா ஷேர்கில்.

அமிர்தாவின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1913-ல் புடாபெஸ்டில் பிறந்து, பாரிஸில் சித்திரம் படித்து, 1934-ன் கடைசியில் இந்தியா திரும்பி, 1941 டிசம்பரில் லாகூரில் 28 வயதில் இறந்துபோனாள். நடுவில் தென்னாட்டுப் பக்கம் வந்து போனாள். 1937-ல் அவள் எழுதிய பிரம்மசாரிகள், சந்தைக்குப் போகும் கிராமத்தார், மணப்பெண் அலங்காரம் ஆகிய மூன்றும் அந்த யாத்திரையின் பலன். அவளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கெல்லாம் அவளுடைய அழகும் காதல்களும் அகால மரணமும் சித்திரங்களைவிடச் சுலபமாகக் கைக்கு வந்துவிடுகின்றன. நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. எனக்கு இங்கே முக்கியமானவர் அவளுடைய தகப்பனார், உம்ராவ் சிங்.

உம்ராவ் சிங் 1870-ல் பிறந்தார். பஞ்சாபில் மஜீதியா என்ற பெரிய சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஸம்ஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். வானசாஸ்திரத்தில் ஈடுபாடு உண்டு. மகாகவி இக்பாலின் சிநேகிதர். மேரி அந்த்வானெத் என்ற ஹங்கேரியப் பாடகியை லாகூரில் சந்தித்து 1912-ல் மணந்துகொண்டார். குழந்தைகள் இருவரும் ஹங்கேரியில்தான் பிறந்தார்கள். முதல் உலக யுத்த காலம் முழுவதும் குடும்பம் அங்கேயே மாட்டிக்கொண்டது. 1921-ல் சிம்லா, 1929-ல் பாரிஸ், மறுபடியும் சிம்லா. இந்த அலைச்சலில் இளமையிலிருந்து முதுமை வரை அவர் விடாமல் செய்துவந்த காரியம் ஒன்று உண்டானால், அது போட்டோ எடுப்பது.

யாரை எடுத்தார்? முதலில் தம்மைத்தான். தலைப்பாகையோடு, தலைப்பாகை இல்லாமல் நீண்ட கூந்தலோடு, புத்தகத்தின் முன்னால், உபவாசம் இருந்து மெலிந்த வெற்று மேலோடு. காமிராவைத் தம் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தாம் யார் என்று அதனிடம் கேட்டுக்கொண்டே இருந்த மனிதர் அவர். அடுத்தபடியாக மனைவியையும் பெண்களையும் எடுத்தார். பியானோவுக்குப் பக்கத்தில், கண்ணாடி முன், கட்டில் மேல், வேஷம் போட்டுக்கொண்டு, போடாமல். அந்தப் படங்களைப் புரட்டினால் ஒன்று சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அமிர்தாவுக்குக் காமிரா என்றால் என்ன என்று தெரியும். தலையை எவ்வளவு சாய்க்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிற்காலத்தில் தன்னைத் தானே பல தடவை சித்திரமாக எழுதிக்கொண்டவள், அந்த வித்தையில் முதல் பாடத்தைத் தகப்பனாரின் காமிராவுக்கு முன்னால்தான் கற்றிருக்க வேண்டும். தங்கை அப்படி இல்லை. இந்திராவின் முகத்தில், 'முடிந்ததா, எழுந்து போகலாமா?' என்பது போன்ற ஒரு பாவனை எனக்குத் தெரிகிறது. ஒருவேளை நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

இந்தப் படங்கள் எல்லாம் குடும்பத்தில் இறங்கி இறங்கிப் பேரன் கைக்கு வந்தன. பெரியம்மாவை அவர் பார்த்ததே இல்லை. அவர் பிறப்பதற்கு ஒன்றரை வருஷம் முன்பே அவள் போய்விட்டாள். பாட்டி 1948-ல் தற்கொலை செய்துகொண்டபோது அவருக்கு வயது ஐந்து. பாட்டனார் 1954-ல் மறைந்தபோது பதினொன்று. ஆகவே அவர் வாரிசாகப் பெற்றது மனிதர்களை அல்ல, மனிதர்களின் படங்களைத்தான். 1983-84-ல் அவர்களை வைத்து எண்ணெய்ச் சாயத்தில் ஒரு குடும்பச் சித்திரம் எழுதிப் பார்த்தார். 1995-ல் குடும்ப ஆவணங்களைக் கொண்டு ஒரு காட்சி அமைத்தார். இரண்டிலும் மனசு ஆறவில்லை போலிருக்கிறது. 2001-ல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பாட்டனார் எடுத்த போட்டோக்களையும் அமிர்தாவின் சித்திரங்களையும் ஒன்றோடொன்று கலந்து, புதிய கறுப்பு வெள்ளைப் படங்கள் செய்து, காகிதத்தில் அச்சிட்டார். 'ரீ-டேக் ஆஃப் அமிர்தா' என்று அதற்குப் பெயர். சினிமாக்காரர்கள் பாஷை. ஷாட் சரியாக வரவில்லை என்றால் திரும்ப எடுப்பார்களே, அதுதான்.

பாட்டனார் எடுத்த ஷாட்டில் எது சரியில்லை என்று பேரனுக்குத் தோன்றியது? இதுதான் இந்தத் தொகுதியின் விஷயம் என்று நினைக்கிறேன். போட்டோவில் எப்போதும் ஒருவர் குறைவார். எடுத்தவர். உம்ராவ் சிங் தம் படத்தில் தனியாக இருக்கிறார், மகள் தன் படத்தில் தனியாக இருக்கிறாள். மகள் யாரைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சாய்ந்திருக்கிறாள் என்பதை மட்டும் படம் சொல்வதில்லை. பேரன் செய்த பெரிய காரியம், பாட்டனாரைக் காமிராவுக்குப் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்து மகள் பக்கத்தில் நிறுத்தியதுதான். உபவாசத்தால் விலா எலும்பு தெரிகிற கிழவர் ஒரு புறம். நகையும் புடைவையுமாக, தன் அழகு தனக்குத் தெரிந்த பெண் ஒரு புறம். இருவரும் ஒரே அறையில், ஒரே வெளிச்சத்தில். ஒட்டின இடம் தெரியவில்லை. பார்த்தவுடன் ஒரு நிமிஷம் இது நடந்தது என்று நம்பிவிடுகிறோம். நம்பின பிறகு சங்கடமாக இருக்கிறது. இந்தத் தகப்பனார் இந்தப் பெண்ணை ஏன் இவ்வளவு படம் எடுத்தார்? பாசமா, பெருமையா, இவள் தன் கையை விட்டுப் போகிறாள் என்ற பயமா? இதற்கு விடை பேரனுக்கும் தெரியாது. தெரியாது என்பதைத்தான் அவர் படமாகச் செய்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு சமாசாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமிர்தா பெரியவளான பிறகு, அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்த கடிதங்களைப் பெற்றோர் எரித்துவிட்டார்கள். வெளியில் தெரிந்தால் பெயர் கெட்டுப்போகும் என்ற கவலை. அதை அறிந்து அவள் மனம் நொந்து தகப்பனாருக்கு எழுதியிருக்கிறாள். படங்களை அவ்வளவு ஜாக்கிரதையாகக் காப்பாற்றின வீட்டில் கடிதங்கள் நெருப்புக்குப் போயின. இதில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. படம் என்பது தகப்பனார் கண்ணுக்குத் தெரிந்த மகள். கடிதத்தில் இருந்தவள் வேறு ஒருத்தி, பிறரோடு பேசிக்கொண்டிருந்தவள். குடும்பம் முதலாமவளைப் பெட்டியில் வைத்துக்கொண்டது, இரண்டாமவளை எரித்தது. எந்தக் குடும்பமும் அப்படித்தான் செய்யும். நம் வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்தால் சிரித்த முகங்களாகத்தான் இருக்கும். வழக்கு, பாகப் பிரிவினை, ஓடிப்போனவன் இதற்கெல்லாம் போட்டோ கிடையாது. எரிந்ததுபோக மிஞ்சிய அமிர்தாவின் கடிதங்களையும் எழுத்துக்களையும் விவான் சுந்தரம் தேடிச் சேர்த்து 2010-ல் இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார். 'ரீ-டேக்' படங்களையும் அந்தப் புத்தகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே வேலையின் இரண்டு கை அவை.

ஆனால் தொகுதி முழுவதும் இதே உயரத்தில் நிற்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பிய உடையில் ஒரு அமிர்தாவும் புடைவையில் ஒரு அமிர்தாவும் பக்கத்தில் பக்கத்தில் வருவது முதல் தடவை வியப்பாக இருக்கிறது. பிறகு, அவளுக்குள் இரண்டு பேர் என்று நாமே படித்துத் தெரிந்துகொண்ட சங்கதியை விளக்குகிற படமாகிவிடுகிறது. கண்ணாடிகளும் ஓயாமல் வருகின்றன. அந்த வீட்டில் நிஜமாகவே கண்ணாடிகள் இருந்தன என்பது சரி. ஆனாலும் பிரதிபிம்பம் என்பது கலைஞனுக்கு மிகச் சுலபமாகக் கிடைக்கிற ஆழம். நான் கதை எழுத ஆரம்பித்த காலத்தில் என் கதாநாயகிகள் அடிக்கடி கண்ணாடி முன் நிற்பார்கள். ஒரு மூத்த எழுத்தாளர் படித்துவிட்டு, "உங்க ஊர்ல நிலைக்கண்ணாடி யாவாரம் நல்லா நடக்குது போல" என்றார். அதோடு விட்டேன். அப்புறம் இந்திரா. தாயாரை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் அமிர்தாவின் 'இளம் பெண்கள்' என்ற 1932-ம் வருஷத்துச் சித்திரத்துக்கு மாடலாக உட்கார்ந்த தங்கை, மகன் செய்த தொகுதியிலும் அக்காளுக்குத் துணையாகத்தான் உட்கார வேண்டியிருக்கிறது. தொகுதியின் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

இந்தக் குறைகளுக்கெல்லாம் அடியில் ஒரு காரணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கம்ப்யூட்டர் எதற்கும் மாட்டேன் என்று சொல்வதில்லை. கை வைத்த இடத்தில் வெட்டுகிறது, ஒட்டு என்றால் ஒட்டுகிறது, பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கிவிடுகிறது. அத்துடன், வெட்டி ஒட்ட ஏராளமான படங்களும் இருந்தன. செல்வர் வீட்டுச் சமையல் மாதிரி. எது இல்லை என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதற்கு நேர் எதிரான முறையில் வேலை செய்தவர் ஜெர்மானியர் கெர்ஹார்ட் ரிக்டர். 1965-ல் அவர் இரண்டு குடும்பப் போட்டோக்களை எடுத்துக்கொண்டு இரண்டு சித்திரங்கள் எழுதினார். ஒன்று 'ருடி மாமா'. தாயாரின் தம்பியோ அண்ணனோ, நமக்கு எல்லாம் மாமாதான். ஹிட்லரின் பட்டாளத்து உடையில், நீளக் கோட்டும் தொப்பியுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்த யுத்தத்திலேயே செத்துப்போனவர். மற்றொன்று 'மரியன்னெ சித்தி'. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, முன்னால் ஒரு கைக்குழந்தை. குழந்தை, ரிக்டரேதான். மூல போட்டோ 1932-ல் எடுத்தது. பின்னால் அந்தப் பெண்ணுக்குச் சித்தக் கோளாறு என்று சொல்லி, நாஜிகள் மனநோய் விடுதியில் வைத்து 1945-ல் சாகடித்துவிட்டார்கள். ரிக்டர் இவற்றில் எதையும் வெட்டவில்லை, சேர்க்கவில்லை. ஒரே ஒரு போட்டோவைச் சாம்பல் நிறத்தில் அப்படியே பெரிதாக எழுதிவிட்டு, சாயம் காயும் முன் தூரிகையால் மேலே இழுத்துவிட்டார். முகங்கள் கலங்கிப்போகின்றன. கண்ணில் நீர் வந்தால் தெரிவதுபோல என்று சொல்லலாம். ஓடுகிற ரயிலிலிருந்து பார்ப்பதுபோல என்றும் சொல்லலாம். மாமா கொன்றவர்கள் கட்சி, சித்தி கொல்லப்பட்டவர்கள் கட்சி. இரண்டு பேரும் ஒரே ஆல்பத்தில் சிரிக்கிறார்கள். இதில் கலைஞன் சொல்லுவதற்கு என்ன இருக்கிறது? 'இவர்களும் என் வீட்டார்தான்' என்பதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை. 'ருடி மாமா' சித்திரத்தை, 1942-ல் நாஜிகள் அழித்த லிடிட்ஸே என்ற செக் கிராமத்துக்காகச் சேர்த்த கலைத் தொகுப்புக்குக் கொடுத்துவிட்டார். பட்டாளக்காரன் படத்தை அவன் பட்டாளம் அழித்த ஊருக்கே கொடுப்பது என்பது விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினாலும் ஈடாகாத ஒரு வாக்கியம்.

விவானுக்கு நிறையப் படம், ரிக்டருக்கு ஒன்றே. இப்போது எங்கள் வீட்டுப் போட்டோவுக்கு வருகிறேன். எங்களுக்கும் ஒன்றே ஒன்றுதான்.

கும்பகோணத்துப் பக்கத்தில் எங்கள் தாத்தா வீட்டு வாசலில் 1936-ல் எடுத்தது. பின்புறம் அட்டையில் பென்சிலால் வருஷம் எழுதியிருக்கிறது. கொள்ளுத் தாத்தா பிரம்பு நாற்காலியில். இரண்டு பக்கமும் பெண்டுகள். கீழே ஜமுக்காளத்தில் குழந்தைகள். மொத்தம் பத்துப் பேர். சென்னையில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார், செப்புத் தகட்டில் படம் அச்சிடுகிறவர். அவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது இதைப் பார்த்து, "கொடுங்கள், ஒரு எச்சிங் போட்டுப் பார்க்கிறேன்" என்று கேட்டார். சரி என்று கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து டெலிபோன் செய்து, "உங்கள் வீட்டுப் போட்டோவில் பதினோரு பேர்" என்றார்.

கண்ணாடியையும் பிரேமையும் கழற்றினபோது, சுற்றிலும் வைத்திருந்த கறுப்பு அட்டைப் பார்டருக்குக் கீழே, இடது ஓரத்தில் இரண்டு விரல்கடை அகலம் படம் மறைந்திருந்திருக்கிறது. அதில், தூணை ஒட்டி, வெள்ளைப் புடைவையில் ஒரு பெண். தாத்தாவின் அக்காள். எனக்கு அத்தைப் பாட்டி. என் சிறு வயதில் அவளை நான் பார்த்திருக்கிறேன். எட்டு வயதில் கல்யாணமாகிப் பத்து வயதில் தாலி அறுத்தவள். படம் எடுத்தபோது இருபது இருக்கலாம். விசேஷம் என்னவென்றால், வெளிச்சம் படாமலே இருந்ததால் அந்த ஓரம் மட்டும் மஞ்சளிக்காமல், மங்காமல், நேற்று எடுத்ததுபோல் இருக்கிறது. மற்றப் பத்துப் பேரும் சுவரில் தொங்கித் தொங்கி வெளிறிப்போனார்கள். மறைத்து வைத்தவள்தான் இன்னும் தெளிவாக இருக்கிறாள்.

சிநேகிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவளை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கி ஒரு தகடு செய்யப் போவதாகச் சொன்னார். தொண்ணூறு வருஷத்து அநியாயத்துக்கு அதுதான் பதில் என்றார். எனக்கும் அப்போது சரியென்றே பட்டது. விவான் சுந்தரத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் வேறு. ஓரத்தில் நிற்பவளை நடுவுக்குக் கொண்டுவருவதுதானே ரீ-டேக்?

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"தெரியுமே. பெரியத்தையே சொல்லியிருக்காங்க. அவங்களாத்தான் மறைக்கச் சொன்னாங்களாம். நல்லது கெட்டதுன்னு வீட்டுக்கு வர்றவங்க கண்ணுல நான் முதல்ல படவேணாம், ஓரத்தை மூடிப் போடச் சொல்லு தம்பின்னு உங்க தாத்தாகிட்ட சொன்னாங்களாம். சொல்லிட்டுச் சிரிப்பாங்க."

"சிரிப்பாங்களா?"

"சிரிப்பாங்க. வேற என்ன செய்ய?"

இதை நான் சிநேகிதரிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஊர் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தானே அவங்க திருப்பிச் சொன்னாங்க? அதுவா அவங்க இஷ்டம்?" என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் அவள் வாயால் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது. அதையும் நாம் தள்ளிவிட்டால், அவள் சார்பில் பேசுகிறோம் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? இரண்டு நாள் டெலிபோனில் சண்டை போட்டோம்.

அப்போதுதான் விவான் சுந்தரத்தின் படங்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். முதலில் தெரியாத ஒன்று தெரிந்தது. அமிர்தாவை அவர் வெட்டலாம், ஒட்டலாம், இரண்டாக்கலாம். ஏனென்றால் அவள் போஸ் கொடுத்தவள். அந்தப் படங்களில் பாதி வேலை தகப்பனார் செய்தது. மீதிப் பாதி அவளே செய்தது. தங்கை மகன் வந்து மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டால் அது ஒரு நாடகத்தின் அடுத்த அங்கம். அவளுக்கு அதில் ஆட்சேபணை இருந்திருக்காது, ரசித்தும் இருப்பாள். பாட்டனாரும் அப்படித்தான், தம்மைத் தாமே எடுத்துக்கொண்டவரை எத்தனை தரம் வேண்டுமானாலும் திருப்பி எடுக்கலாம். மேரி அந்த்வானெத் விஷயத்தில்கூட எனக்குக் கொஞ்சம் தயக்கம் வருகிறது. அவளுடைய முடிவைத் தெரிந்துகொண்டு பார்க்கிற நமக்கு, அவள் முகத்தில் எதை வேண்டுமானாலும் படித்துவிட முடியும். அந்தச் சலுகையை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. எங்கள் அத்தைப் பாட்டி போஸ் கொடுத்தவள் அல்ல. வா என்றார்கள், வந்து நின்றாள். முகம் தூணின் பக்கம் பாதி திரும்பியிருக்கிறது. ரிக்டரின் மரியன்னெயும் இந்த ஜாதிதான். அவளை அவர் நடுவுக்கு இழுக்கவில்லை, குழந்தையிடமிருந்து பிரிக்கவில்லை, தியாகி ஆக்கவில்லை. இருந்தபடி எழுதினார். நிறுத்தப்பட்டவர்களுக்கு அவ்வளவுதான் செய்யலாம் போலிருக்கிறது. எடுத்தபடியே காட்டுவது, ஆனால் முழுசாகக் காட்டுவது.

கடைசியில் சிநேகிதர் இணங்கினார். என் வாதத்துக்காக அல்ல, தம் தொழிலுக்காக. அவர் பட்டறைக்கு நான் போய் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். செப்புத் தகட்டின் மேல் வெளிச்சம் பட்டால் இறுகிப்போகிற ஒரு பூச்சைப் பூசுகிறார்கள். போட்டோவைப் பிலிமாக்கி அதன் மேல் வைத்து வெளிச்சத்தில் காட்டுகிறார்கள். படத்தில் வெளுப்பான இடத்தின் வழியாக வெளிச்சம் புகுந்து பூச்சு இறுகிவிடும். கறுப்பான இடத்தில் இறுகாது, கழுவினால் போய்விடும். பிறகு தகட்டைப் பெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டால், பூச்சுப் போன இடத்தை மட்டும் அது அரிக்கும். அரித்த பள்ளத்தில் மை நிற்கும். மீதியை மல் துணியால் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை மேலே வைத்து, கம்பளி போர்த்தி, உருளைக்கு நடுவில் கொடுத்துச் சுற்றினால் படம். பிசகினால் தகடு போயிற்று. பழையபடி ஆக்க வழி கிடையாது. கம்ப்யூட்டரிடம் இல்லாத அந்த மாட்டேன் என்ற குணம் செம்பிடம் நிறைய இருக்கிறது. முதல் தகட்டில் கொள்ளுத் தாத்தாவின் மீசை முகம் முழுக்கப் பரவிவிட்டது.

இரண்டாவது தகட்டிலிருந்து எடுத்த காகிதத்தை விளக்கின் கீழ்ப் பிடித்துப் பார்த்தோம். பத்துப் பேரும் மையில் இருக்கிறார்கள். தலைமயிரும் மீசையும் கண்ணும் அடர்ந்த கறுப்பு. பட்டுப் புடைவைகள் சாம்பல். ஓரத்தில் மட்டும், தூணுக்குப் பக்கத்தில், முகமும் ஒரு கையும் தவிர ஒன்றும் இல்லை. வெள்ளைப் புடைவை வெளிச்சத்தைத் தடுக்கவில்லை, பூச்சு இறுகிவிட்டது, அமிலம் அந்த இடத்தைத் தொடவில்லை. தகட்டில் அங்கே செம்பு பளபளவென்று அப்படியே இருந்தது. காகிதத்தில் அவள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காகிதம். "இதை நான் செய்யவில்லை" என்றார் சிநேகிதர். பெரிதாக்குவதைப் பற்றி அப்புறம் அவர் பேச்சே எடுக்கவில்லை.

எட்டுப் பிரதிகள் அச்சிட்டார். இந்த மாதிரி அச்சுப் படங்களில் கீழ் மார்ஜினில் பென்சிலால் இன்ன பிரதி என்று எண்ணும், நடுவில் தலைப்பும், வலது கோடியில் கையெழுத்தும் போடுவது வழக்கம். கையெழுத்தும் எண்ணும் போட்டாகிவிட்டது. தலைப்புக்கு என்ன எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. விவான் சுந்தரம் தம் படங்களுக்குக் கீழே, எந்த போட்டோ எந்த ஊரில் எந்த வருஷம் எடுத்தது என்று கணக்குக் கொடுத்திருப்பார். எனக்கு மிகவும் பிடித்த குணம் அது. நாங்கள் ஊரையும் 1936 என்பதையும் மட்டும் எழுதலாம் என்று நினைத்தோம். அதற்குள் நான் பிரதி ஒன்றை ஊருக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"கீழே பேர் எழுதணும்னியே, எல்லார் பேரையும் எழுதச் சொல்லு. அவங்க பேரையும் வரிசையிலேயே எழுது, தனியா வேணாம்" என்றாள்.

பதினோரு பேரையும் அவளே வரிசையாகச் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் வீட்டில் கூப்பிட்ட பெயர்தான் தெரியும். சிநேகிதர் பென்சிலைச் சீவிக்கொண்டு எழுத உட்கார்ந்தார். ஒரு வரியில் இடம் போதவில்லை. கையெழுத்துக்குக் கீழே இரண்டாவது வரிக்குப் போக வேண்டியிருந்தது.